முந்திப்போன சோப்புப் பெட்டி

சனிக்கிழமை காலையில் சதாயே வாசல் பனியை மண்வாரியால் தள்ளிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு ஒகுமுரா, ரப்பர் பூட்ஸைச் சரியாகக்கூட மாட்டாமல், தெருவைக் கடப்பதற்குள் இரண்டு முறை குனிந்து வணங்கியபடி வந்தாள்.

"அக்கா, கிடைச்சுது. ரொம்ப சந்தோஷம். வீட்டுக்கு வந்துட்டாரா?"

"எது கிடைச்சுது?"

"சோப்புதான். இப்பதான் கூரியர்காரர் குடுத்துட்டுப் போறார். நாங்க கொண்டுவந்தது நாலு ஆரஞ்சு. அதுக்குப் போய் இவ்ளோ பெரிய பெட்டியா! எங்க வீட்டுக்காரர் சொல்றார், தோகுஜி ஐயான்னா தோகுஜி ஐயாதான், குணமானதுகூட டைம்படி ஆகியிருக்காருன்னு."

சதாயே மண்வாரிக் கைப்பிடியின்மேல் சாய்ந்துகொண்டாள். நோயில் படுத்தவரைப் பார்க்க வந்தவர்களுக்கு, நோய் முழுக்கத் தீர்ந்த பிறகு நன்றியாக அனுப்பும் பெட்டி அது. சோப்பு, தேயிலை, சர்க்கரை என்று கரைந்துபோகிற சாமானாகத்தான் இருக்க வேண்டும். நோயும் அப்படியே கரைந்துபோனதாக அர்த்தம். மேலே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கயிறு, ஒரு தரம் போட்டால் அவிழ்க்க முடியாத முடிச்சு. இனி திரும்ப வராது என்று அதற்குப் பொருள். பெட்டி கைக்கு வந்துவிட்டால் விஷயம் முடிந்தது; இனி யாரும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகத் தேவையில்லை.

அவள் கணவர் தோகுஜி, இதய ஆபரேஷன் முடிந்து, இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். நேற்றுக் காலை, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்ற தெம்பில் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தவர், திடீரென்று சுவரைப் பிடித்துக்கொண்டு, "நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுது" என்றார். மறுபடி கட்டிலில் படுக்கவைத்து, மறுபடி மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். சதாயே சாயங்காலம் வீட்டுக்கு வந்து, யாருக்கும் போன் பண்ணத் தெம்பில்லாமல், கோட்டைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போனாள்.

"உள்ள இருக்காரா? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்" என்றாள் ஒகுமுரா.

"குளிச்சுட்டு இருக்கார்."

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று சதாயேவுக்கே தெரியவில்லை. ஒகுமுரா மூடிய கதவைப் பார்த்து ஒரு தரம் வணங்கிவிட்டுப் போனாள்.

உள்ளே வந்தால் போன் அடித்துக்கொண்டிருந்தது. தோகுஜியின் அக்கா, கினு. எண்பத்தொரு வயது. குரலைக் கேட்டால் அப்படித் தெரியாது.

"சதாயே! உன் புருஷன் எனக்குமா பெட்டி அனுப்புவான்? கூடப் பொறந்தவளுக்கு? நான் என்ன ஊர்க்காரியா?"

"அண்ணி, அது வந்து..."

"சரி விடு, நல்ல சோப்பு, பிரிச்சுட்டேன். தப்பிச்சோம்மா ரெண்டு பேரும். ஒருநாள் விட்டு ஒருநாள் அவன்கூட உக்காந்து உக்காந்து என் இடுப்பு போச்சு. எங்க மாதர் சங்கத்துல உனாசுகி வெந்நீர் ஊற்றுக்குப் போறாங்க. வரமுடியாதுன்னு சொல்லியிருந்தேன். இப்பதான் போன் பண்ணி, நானும் வர்றேன், தம்பி வீட்டுக்கு வந்துட்டான்னு சொன்னேன். பத்தரைக்கு ரயில். நீ என்ன பண்ற? நீயும் படுத்துத் தூங்கு. அவன் எதுவும் கேட்டா காது கேக்கலன்னு சொல்லு."

கினு சிரித்தாள். கணவர் இறந்தபிறகு எந்தப் பயணத்துக்கும் கிளம்பாதவள் அவள். சதாயே ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சந்தோஷமா போயிட்டு வாங்க அண்ணி."

ரிசீவரை வைத்தாள். இனி மாற்றுக்கு ஆள் இல்லை. துவைத்த பைஜாமாவைப் பையில் வைத்து, பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

தோகுஜி சின்னத் தலையணை ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். நெஞ்செலும்பைப் பிளந்து தைத்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் இரும வேண்டும். தலைக்குமேல் திரையில் பச்சைக்கோடு இரண்டு தரம் நெருக்கமாகத் துள்ளி, ஒரு தரம் யோசித்து, மறுபடி அவசர அவசரமாக ஓடியது.

"சோப்பு அனுப்பினீங்களா?"

தோகுஜி இருமலை நிறுத்தினார். "வந்துடுச்சா? எப்ப?"

"காலையில."

"நேரத்துக்கு வந்திருக்கு" என்றார். ஒரு நிமிஷம் முகத்தில் பழைய பஸ் டிப்போ கன்ட்ரோலர் தெரிந்தார்.

"ஏங்க, யாரைக் கேட்டு அனுப்பினீங்க?"

"போன வாரமே கடைக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். டாக்டரம்மா சனிக்கிழமைன்னு சொன்னாங்களா இல்லியா? நான் நம்ம வீட்டுக்குள்ள கால் வைக்கிறப்ப சாமான் அவங்க வீட்டுக்குள்ள போயிருக்கணும். அதுதான் மரியாதை. எல்லாரும் ரெண்டு மாசம் கழிச்சு, ஆடி அசைஞ்சு அனுப்புறாங்க. அதெல்லாம் ஒரு நன்றியா?"

"நேத்து நெஞ்சு ஆடினப்பவாவது நிறுத்தியிருக்கலாம்ல?"

"நேத்து எனக்குக் கடை ஞாபகமா இருக்கும்?" கண்ணை மூடிக்கொண்டார். "வண்டி கிளம்பிடுச்சு."

"அப்ப நான் எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லிடறேன். இன்னும் வரல, பெட்டி தவறுதலா முன்னாடி வந்துடுச்சுன்னு."

"வேண்டாம்!"

திரையில் எண் எகிறியது. ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். தோகுஜி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"குணமாயிட்டேன்னு கயிறு கட்டி அனுப்பிட்டு, இன்னும் படுத்துட்டு இருக்கேன்னு சொல்றதா? சிரிக்கமாட்டாங்க? பாவம், இன்னொரு தரம் பழம் வாங்கிட்டு வரணுமேன்னு யோசிக்கமாட்டாங்க? ரெண்டு மூணு நாள்ல இது சரியாயிடும். அதுவரைக்கும் நான் வீட்லதான் இருக்கேன். புரியுதா? முக்கியமா அக்காகிட்ட மூச்சு விடாத. சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவா."

"அண்ணி உனாசுகி போறாங்க."

"நல்லதாப் போச்சு."

"எனக்கு நல்லதாப் போகல" என்றாள் சதாயே. அவர் கண்ணைத் திறக்கவில்லை.

டாக்டர் உனோ, வயதில் சின்னப் பெண், மத்தியானம் வந்து கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னார். "ஆபரேஷன் பண்ண இதயம் கொஞ்ச நாள் கோவிச்சுக்கும். மேல் அறை ரெண்டும் ஒழுங்கா அடிக்காம நடுங்கிட்டு இருக்கு. பைபாஸ் ஆனவங்கள்ல நிறையப் பேருக்கு வர்றதுதான். தைச்ச ரத்தக்குழாய்க்கு ஒண்ணும் ஆகல."

"அப்ப பயப்பட வேணாமா?"

"நடுங்குற அறையில ரத்தம் தேங்கும். தேங்கினா உறையும். உறைஞ்சது மூளைக்குப் போயிடக்கூடாது. அதுதான் ஒரே பயம். அதுக்கு மாத்திரை தர்றோம். செவ்வாய்க்கிழமைக்குள்ள தானா சரியாகலன்னா, தொண்டை வழியா குழாய் விட்டு உறைஞ்சது எதுவும் இல்லன்னு பார்த்துட்டு, மயக்கம் குடுத்து நெஞ்சுல ஒரு மின் அதிர்ச்சி. நின்னுபோன கடிகாரத்தைத் தட்டுற மாதிரி. அன்னிக்கு வீட்டாளுங்க இருக்கணும்."

"நான் இருக்கேன்."

"இன்னொருத்தரும் வந்தா நல்லது." டாக்டர் சதாயேவின் முகத்தைப் பார்த்தார். "நீங்க எப்ப தூங்கினீங்க?"

சதாயே சிரித்துவைத்தாள். டாக்டர் தோகுஜியிடம் திரும்பினார். "இன்னொரு விஷயம் தாத்தா. இந்த மாத்திரை சாப்பிடுற வரைக்கும் நாட்டோ தொடக்கூடாது. மாத்திரை வேலையை அது கெடுத்துடும்."

காலையில் சூடான சோற்றின்மேல் புளித்த சோயாவைக் கொட்டி, நூல்நூலாக இழுத்துச் சாப்பிடாவிட்டால் விடிந்ததாகவே ஒப்புக்கொள்ளாதவர் தோகுஜி.

"எவ்ளோ நாளைக்கு?"

"சில மாசம்."

"மின்சாரம் வைங்க" என்றார் தோகுஜி. "இன்னிக்கே வைங்க. ரெண்டு தரம் வைங்க."

டாக்டர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். சதாயேவுக்குச் சிரிப்பு வரவில்லை. அறுவை சிகிச்சை நடந்த அன்று மகன் சப்போரோவிலிருந்து வந்திருந்தான், கினுவும் இருந்தாள். காத்திருக்கும் அறையில் மூன்று பேரும் ஒரே சோற்றுருண்டையைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றார்கள். மகனிடமும் 'அப்பா வீட்டில்' என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவு. செவ்வாய்க்கிழமை அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருப்பதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. மூளைக்கு என்று டாக்டர் சொன்ன வார்த்தை மட்டும் காதிலேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஒகுமுரா மறுபடி வந்தாள், ஒரு சட்டி முள்ளங்கிக் குழம்போடு.

"ஐயாவுக்குப் பிடிக்கும்னு பண்ணேன். எழுந்திருக்காரா?"

"குளிக்கிறார்."

"நேத்தும் குளிச்சார்."

"ஆஸ்பத்திரி வாடை போகலையாம்."

"நெஞ்சுத் தையல்ல தண்ணி படலாமா அக்கா?"

"இடுப்பு வரைக்கும்தான்."

ஒகுமுரா, சதாயேவின் கையிலிருந்த பையைப் பார்த்தாள். அதில் பைஜாமா நுனி வெளியே தெரிந்தது.  "கடைக்குப் போறீங்கன்னா நானும் வர்றேன், எனக்கும் டோஃபு வாங்கணும்" என்றாள். சதாயே அவளோடு கடைவரை நடந்து, வேண்டாத டோஃபுவை வாங்கி, அவளோடு திரும்பி வந்து, அவள் வீட்டுக்குள் போன பிறகு பின்பக்கச் சந்து வழியாக, முழங்கால் ஆழப் பனியில், பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் தோகுஜி, "ஏன் லேட்டு?" என்றார்.

போனுக்குப் போன் பொய் சொன்னாள். டிப்போவில் கூட வேலை பார்த்தவரிடம், "தூங்குறார்." கோயில் பூசாரி மனைவியிடம், "பக்கத்துல நடந்துட்டு வரேன்னு போயிருக்கார்." அந்த அம்மாள், "இந்தப் பனியிலயா! என்ன மனுஷன்!" என்று வியந்தாள். மகனிடம், "அப்பா உனக்குப் பேசச் சொன்னார், ஆனா இப்ப குளிக்கிறார்." வீட்டில் ஒருவரும் இல்லாமலே தோகுஜி தூங்கினார், நடந்தார், குளித்தார். ஆஸ்பத்திரியில் இன்னொரு தோகுஜி தண்ணீர் கேட்டார், முதுகு சொறியச் சொன்னார், 'கோடு இப்ப சரியா ஓடுதா பாரு' என்று பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்டார். இரண்டு புருஷன்களை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்வாள்?

"கொஞ்சம் சரியாத் தெரியுது" என்பாள்.

"சும்மா சொல்றியா?"

"ஆமா."

திங்கட்கிழமை சாயங்காலமும் கோடு அப்படியே துள்ளிக்கொண்டிருந்தது. நாளைக்கு மின் அதிர்ச்சிதான் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். சதாயே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுதான் தெரியும். யாரோ தோளைத் தொட்டார்கள்.

"அம்மா, கடைசி ஸ்டாப். டிப்போ வந்துடுச்சு."

ஜன்னலுக்கு வெளியே வரிசையாகப் பஸ்கள் நின்றன. அவள் நிறுத்தம் எப்போதோ போய்விட்டது. டிரைவர் தொப்பியைக் கழற்றிப் பார்த்தார்.

"அட, கன்ட்ரோலர் ஐயா வீட்டம்மா! எங்களுக்கும் தேயிலை வந்துச்சும்மா. டிப்போவுல எல்லாருமா போட்டுக் குடிச்சோம். ஐயா வீட்ல சும்மா இருக்கமாட்டாரே? உங்களைப் போட்டு வாட்டுறாரா?"

"ஆமா" என்றாள். இந்த மூன்று நாளில் வெளியாளிடம் அவள் சொன்ன முதல் நிஜம் அது.

டிரைவர் அவளை ஓய்வறையில் ஹீட்டர் பக்கத்தில் உட்காரவைத்து, "அடுத்த வண்டி வர கொஞ்ச நேரமாகும்" என்று சொல்லிப் போனார். சுவரில் பழைய குழுப் படம் ஒன்று. நடுவில் தோகுஜி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். மேஜையில் தேயிலை டப்பா திறந்து கிடந்தது. சதாயே போனை எடுத்தாள். எடுத்த பிறகு யோசிக்கவே இல்லை.

கினுவின் குரலுக்குப் பின்னால் பாட்டுச் சத்தம். "யாரு? சத்தமாப் பேசு! இவளுங்க பாடுறாங்க!"

"அண்ணி, நான்தான். அவர் வீட்ல இல்ல."

பாட்டு தூரமாகப் போயிற்று. கினு வேறு இடத்துக்கு நடந்துபோகும் செருப்புச் சத்தம். பிறகு மிக மெதுவாக, "எப்ப போனான்?"

"எங்க?"

"நீயே சொல்லு. தாங்கிக்குவேன்."

"ஐயோ, இல்ல அண்ணி! உயிரோடதான் இருக்கார். ஆஸ்பத்திரியில. வீட்டுக்கே வரல. வெள்ளிக்கிழமை இதயம் தாறுமாறா அடிக்க ஆரம்பிச்சுது. பெட்டி அதுக்கு முன்னாடியே சொல்லிவச்சது. நாளைக்கு நெஞ்சுல கரண்ட் வைக்கிறாங்க. சொல்லக்கூடாதுன்னுட்டார். நான்..." சதாயே தேயிலை டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். "அண்ணி, எனக்கு ரொம்ப அசதியா இருக்கு."

கினுவின் செருப்பு தரையை ஒரு தட்டுத் தட்டியது. பிறகு, "மடையன்" என்றாள். "சின்ன வயசுலயே அப்படித்தான். பரீட்சை எழுதறதுக்கு முன்னாடியே பாஸாயிட்டேன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வருவான். அவனை விடு. நீ ஏண்டி சொல்லல? சனிக்கிழமை போன்ல என்கூட பேசினியே?"

"நீங்க சிரிச்சீங்க."

"சிரிச்சா?"

"நீங்க சிரிச்சு ரொம்ப நாளாச்சு."

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. "பைத்தியம். ரெண்டும் பைத்தியம். காலைல முதல் ரயில்ல வர்றேன். இப்ப எங்க இருக்க?"

"பஸ் டிப்போவுல. தூங்கிட்டு இங்க வந்துட்டேன்."

"கரண்ட் அவனுக்கு வைக்கிறதுக்கு முன்னாடி உனக்கு வைக்கணும்."

மறுநாள் சதாயே ஆஸ்பத்திரிக்குப் போனபோது கினு ஏற்கெனவே கட்டில் பக்கத்தில் இருந்தாள், வெந்நீரில் ஊறிய முகம் சிவந்து பளபளக்க. தோகுஜி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"இங்க பாருடா. நான் பேசிட்டு இருக்கேன்."

"நெஞ்சு வலிக்குது, திரும்ப முடியாது."

"அந்தப் பக்கம் மட்டும் திரும்ப முடிஞ்சுதா?"

"சதாயே, நீ சொல்லிட்டியா?" என்று சுவரிடம் கேட்டார் தோகுஜி.

"ஆமா."

"சொல்லாதன்னு சொன்னேனே."

"சொன்னீங்க" என்றாள் சதாயே. 

"நீ போய்ப் படு" என்றாள் கினு. "தாழ்வாரத்துக் கோடியில வீட்டாளுங்களுக்குப் பாய் விரிச்ச ரூம் ஒண்ணு இருக்கு. மத்தியானம்தான் இவனுக்கு. அப்ப எழுப்புறேன்."

அறையில் இரண்டு போர்வை, ஒரு ஹீட்டர். கோட்டை மேலே போட்டுக்கொண்டு சதாயே படுத்தாள். கொஞ்ச நேரம் நெஞ்சில் கை வைத்து, தன் துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்தாள். ஒழுங்காகத்தான் இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள்.

கண் விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாக இறங்கியிருந்தது. பதறிப்போய், செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு, தாழ்வாரத்தில் ஓடினாள். கட்டிலில் தோகுஜி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மார்பில் இரண்டு இடத்தில் தோல் லேசாகச் சிவந்திருந்தது. கினு பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி! எழுப்புறேன்னு சொன்னீங்களே!"

"நர்ஸ் எழுப்ப வந்தா. நான்தான் வேண்டாம்னேன். நான் இருந்தேன்ல. உறைஞ்சது ஒண்ணும் இல்லன்னு பார்த்துட்டாங்க. அப்புறம் ஒரே ஒரு தரம். அவ்ளோதான்."

சதாயே திரையைப் பார்த்தாள். கோடு ஒரே இடைவெளியில், சலிப்பூட்டும்படி, ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போயிற்று. எந்தக் கணத்துக்குத் தனியாக உட்கார்ந்திருக்கப் போகிறோம் என்று மூன்று நாள் பயந்தாளோ, அந்தக் கணம் அவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது போய்விட்டது. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இப்படியே நிக்குமா?"

"தெரியாதாம். நிக்கலாம், மறுபடி ஆடலாம். இன்னும் ஒரு வாரம் இருக்கணும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு." கினு ஒரு துண்டு ஆப்பிளை நீட்டினாள். "தின்னு. மூஞ்சியைப் பாரு, காய்ஞ்ச முள்ளங்கி மாதிரி."

சதாயே தின்றாள். தோகுஜி முனகினார், கண்ணைத் திறந்தார், திரையைத் தேடினார்.

"ஓடுதா?"

"ஓடுது" என்றாள் சதாயே.

"சும்மா சொல்றியா?"

"இல்ல. இப்ப நிஜமாவே ஓடுது."

அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "விஷயம் அக்காவோட நிக்கட்டும்" என்றார். "தெருவுல யாருக்கும் தெரியாதுல்ல? இன்னும் ஒரு வாரம்தானே. சமாளிச்சுடு."

சதாயே வாயிலிருந்ததை மென்று முழுங்கினாள்.

"காலைல வரும்போதே ஒகுமுராகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்."

"என்னன்னு?"

"நீங்க குளிக்கலன்னு."

கினு வெடித்துச் சிரித்தாள். தோகுஜி தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். சிரிக்கவா திட்டவா என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. "அவ என்ன சொன்னா?"

"அவளுக்கு ஞாயித்துக்கிழமையே தெரியுமாம். நானா சொல்லட்டும்னு இருந்தாளாம். அவங்க வீட்டுக்காரர் என்னை நாளையிலேர்ந்து கார்ல கூட்டிட்டு வரேன்னார்."

"மானம் போச்சு."

"போச்சு" என்று ஒப்புக்கொண்டாள் சதாயே. பையை எடுத்து, அழுக்குப் பைஜாமாவை உள்ளே திணித்தாள். "ஆனா நாளைக்கு நான் வரல. அண்ணி வருவாங்க. நாளன்னைக்கு வர்றேன்."

"நாளைக்கு உனக்கு என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்ல."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கினு அதில் ஒரு துண்டு ஆப்பிளை வைத்தாள்.